படத்துக்கு நடுவுல ஏன் சார் குறுக்கால எழுதுறீங்க?

1/
நான் போடுற மருத்துவப் படங்களுக்குக் கீழே அடிக்கடி வர்ற கேள்வி இது. "நல்ல விஷயம்தான் சொல்றீங்க. ஆனா நடுவுல வாட்டர்மார்க் போட்டு ஏன் சார் படத்தைக் கெடுக்குறீங்க? சேவைன்னா பேரு எதுக்கு?"

நியாயமான கேள்விதான். ஒரு வரியில பதில் சொல்ல முடியாது, அதனால கொஞ்சம் நீளமான த்ரெட். உங்க ஆதார் காப்பிக்கும், வீட்ல இருக்குற எக்ஸ்ரேவுக்கும் உதவுற விஷயமும் இதுல இருக்கு. பொறுமையா படிங்க.

2/
முதல்ல வாட்டர்மார்க்னா என்ன? ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. வெள்ளையா விட்டிருக்கிற இடத்துல காந்தி முகம் மெல்லத் தெரியும். அதுதான் அசல் நீர்க்குறி. காகிதம் ஈரமா கூழா இருக்கும்போதே சில இடத்துல கனத்தைக் கூட்டி, சில இடத்துல குறைச்சு அதை உருவாக்குறாங்க.

3/
13-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியில ஃபாப்ரியானோங்கிற ஊர்ல காகிதம் செஞ்சவங்க இதைப் போட்டிருக்காங்க. "இது எங்க பட்டறையில செஞ்ச காகிதம்"னு காட்டுறதுக்குத்தான். கள்ள நோட்டைப் பிடிக்கிற வேலையெல்லாம் அதுக்கு அப்புறமா வந்து சேர்ந்தது.

இன்னைக்கு டிஜிட்டல் படத்து மேல பாதி தெரிஞ்சும் தெரியாமலும் எழுதுற எழுத்துக்கும் அதே பேர் நின்னுடுச்சு. வேலையும் அதேதான். இது எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லணும்.

4/
ஒரு டாக்டருக்கு இது புதுசு இல்ல. மருந்துச்சீட்டை எடுத்துக்கோங்க. அதுல டாக்டர் பேர், பதிவு எண், கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கணும். இதெல்லாம் இல்லாத வெறும் துண்டுக் காகிதத்துல "இந்த மாத்திரை ரெண்டு வேளை"ன்னு எழுதி நீட்டினா, ஒழுங்கான மருந்துக்கடைக்காரர் "யார் எழுதினது?"ன்னு கேட்பார். கேட்கணும்.

அதே ஆள் சாயங்காலம் வீட்டுக்குப் போய், பேர் இல்லாத, தேதி இல்லாத ஒரு வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து அதுல சொன்ன கஷாயத்தைக் குடிப்பார். பக்கத்து வீட்டுக்கும் ஃபார்வர்டு பண்ணுவார்.

5/
பேரை விட தேதி முக்கியம்னு நான் சொல்வேன். மருத்துவத்துல சரியா இருந்ததே சில வருஷத்துல பழசாகிடும்.

மயங்கி விழுந்தவருக்குக் கொடுக்கிற சிபிஆர் முதலுதவியில, முன்னாடி மூச்சுப்பாதை, மூச்சு, அப்புறம்தான் நெஞ்சு அழுத்தம்னு சொல்லித் தந்தாங்க. அமெரிக்க இதயச் சங்கம் 2010-ல் அந்த வரிசையை மாத்தி நெஞ்சு அழுத்தத்தை முதலுக்குக் கொண்டுவந்துச்சு. பழைய வரிசை போட்ட படம் இன்னைக்கு உங்க குரூப்புக்கு வந்தா, தேதி இல்லாம அது பழசுன்னு எப்படித் தெரியும்?

6/
நாய்க்கடியும் அப்படித்தான். "தொப்புளைச் சுத்தி 14 ஊசி"ன்னு ஊர்ல இன்னமும் பயப்படுறாங்க. அது ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரிச்ச பழைய தடுப்பூசி. நம்ம நாட்டுல 2004 இறுதியோட அதை நிறுத்தியாச்சு.

இப்போ அரசு மருத்துவமனையில கையில, தோலுக்குள்ள, சின்ன ஊசியாப் போடுறோம். 0, 3, 7, 28-ஆம் நாட்கள். 0-ங்கிறது முதல் ஊசி போடுற நாள். காசு கிடையாது. நிறுத்தி இருபது வருஷம் ஆன ஊசிக்குப் பயந்து இன்னைக்கும் சிலர் வராம இருக்காங்க. காலாவதி தேதி போடாத செய்தி இப்படித்தான் உயிரோட சுத்தும்.

7/
நாய்க்கடிக்கு நான் ஒரு படம் செஞ்சிருந்தேன். மொத்தம் நாலே வரி.

ஒண்ணு: கடிபட்ட இடத்தை ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க.
ரெண்டு: மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீங்க.
மூணு: அன்னைக்கே அரசு மருத்துவமனைக்கு வாங்க.
நாலு: எல்லாத் தவணை ஊசியையும் முடிங்க.

அதுக்குக் கீழே என் பேர், மாசம், வருஷம்.

8/
சில மாசம் கழிச்சு ஒரு அம்மா பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. ஆறேழு வயசு இருக்கும். தெருநாய் ஆடுசதையில கடிச்சு நாலு நாள் ஆச்சு. பல் நல்லாப் பதிஞ்சு ரத்தம் வந்த காயம்.

"ஏம்மா, நாலு நாள் என்ன பண்ணீங்க?"

"சோப்பு போட்டு நல்லாக் கழுவிட்டோம் சார். மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கல. படத்துல போட்டிருந்த மாதிரியேதான் செஞ்சோம்"னு போனை நீட்டினாங்க.

9/
என் படம்தான். அதே எழுத்து, அதே நிறம். ஆனா மேல இருக்குற ரெண்டு வரி மட்டும்தான் இருந்துச்சு. மூணாவது வரியிலேர்ந்து கீழே எல்லாத்தையும் வெட்டிட்டு, அந்த இடத்துல "நாய்க்கடிக்கு மூலிகை மருந்து, ஒரே வேளை, தொடர்புக்கு"ன்னு ஒரு மொபைல் நம்பர். அந்த மருந்தையும் வாங்கிக் கொடுத்துட்டாங்க. காயம் ஆறாம சிவந்து வீங்கினதால மட்டும்தான் எங்ககிட்ட வந்தாங்க. சட்டுனு ஆறியிருந்தா வந்திருக்கவே மாட்டாங்க.

10/
அந்த அம்மா மேல என்ன தப்பு? படிச்சதை அப்படியே செஞ்சவங்க அவங்க. அவங்களுக்குக் கிடைச்சது பாதிதான்.

ரேபிஸ் அறிகுறி ஆரம்பிச்சுட்டா காப்பாத்துறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அறிகுறி வர்றதுக்கு முன்னாடி எத்தனை நாள் தாமதமா வந்தாலும் ஊசி போட்டே ஆகணும். பையனுக்குக் காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின் போட்டு, தடுப்பூசியும் ஆரம்பிச்சோம். நாலு தவணையும் முடிச்சான். நல்லா இருக்கான்.

11/
படத்துல பேர் போயிடுச்சேன்னு எனக்கு வருத்தமே இல்ல. என் பேர் போனா யாருக்கும் காய்ச்சல் வராது. "அன்னைக்கே மருத்துவமனைக்கு வாங்க"ங்கிற வரி போனதுதான் விஷயம்.

அதனால அந்தப் படத்தைப் புதுசா செஞ்சேன். இப்போ அதுல குறுக்கால, பெருசா, மங்கலா ஒரு எழுத்து ஓடும். அது என் பேர் இல்ல. "இன்றே தடுப்பூசி – அரசு மருத்துவமனை". அதோட பின்னாடி சின்னதா பேரும் மாசமும் வருஷமும். நீங்க கேட்ட "நடுவுல எழுத்து" இதுதான்.

12/
எந்தப் பக்கம் வெட்டினாலும் அந்த வரியில ஒரு துண்டு படத்துல மிஞ்சும். திருடுறவன் திருடட்டும். என் செய்தியையும் சேர்த்துச் சுமந்துட்டுப் போகட்டும். வாட்டர்மார்க்கில சொந்தப் பேர்தான் இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. எந்த வரி காணாமப் போனா ஆபத்தோ, அதையே வாட்டர்மார்க்கா போடுங்க.

சுகாதாரப் படம் செய்யுற செவிலியர்கள், ஆசிரியர்கள், தன்னார்வலர்கள் எல்லாருக்கும் நான் சொல்ல விரும்புறது இதைத்தான்.

13/
எப்படிச் செய்யுறது? காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். கம்ப்யூட்டர் இருந்தா ஜிம்ப்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு.

படத்தைத் திறங்க. டெக்ஸ்ட் டூலை எடுத்து எழுதுங்க. அந்த எழுத்து தனி லேயரா உட்காரும். லேயர்னா படத்து மேல வைக்கிற கண்ணாடித் தாள்னு நினைச்சுக்கோங்க. அதை நகர்த்தலாம், அழிக்கலாம், கீழே இருக்குற படத்துக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம் ரொட்டேட் டூலால எழுத்தைச் சாய்வாத் திருப்புங்க.

14/
அடுத்தது ஓபாசிட்டி. லேயர் பட்டியலுக்கு மேல இருக்கும். 100-னா எழுத்து முழுசா மறைக்கும். 0-ன்னா காணாமப் போயிடும். நான் 25-க்கும் 35-க்கும் நடுவுல வைப்பேன். கீழே இருக்குற வரியைப் படிக்கவும் முடியணும், மேல இருக்குற குறியும் தெரியணும். மாத்திரை அளவு மாதிரிதான். கூடினாலும் தொல்லை, குறைஞ்சாலும் பிரயோஜனம் இல்ல.

15/
நிறம்: வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்து போட்டா தெரியாது. படம் முழுக்க வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வந்தா, வெள்ளை எழுத்தைச் சுத்தி மெல்லிசா கறுப்பு ஓரம் கொடுங்க. ரெண்டு இடத்துலயும் தெரியும்.

அளவு: வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். நாலஞ்சு கை மாறினா பொடி எழுத்தெல்லாம் கலங்கிப் போயிடும். பெரிய எழுத்து, குறைஞ்ச ஓபாசிட்டி. இதுதான் சூத்திரம்.

16/
இடம்: மூலையில போட்டா, வெட்டுறதுக்கு ரெண்டு விரலும் ரெண்டு நொடியும் போதும். வெத்து வானத்து மேல, வெறும் சுவர் மேல போட்டாலும் போன்ல இருக்குற அழிப்பான் சுத்தமாத் துடைச்சிடும். முக்கியமான விஷயத்துக்கு மேலயே ஓடட்டும். குறியை அழிச்சா விஷயமும் சிதையணும்.

17/
சேமிக்கும்போது கவனம். ஜிம்ப்ல சேவ் கொடுத்தா எக்ஸ்சிஎஃப்ங்கிற கோப்பா, லேயரெல்லாம் தனித்தனியா இருக்கும். இது உங்ககிட்டயே இருக்கட்டும். அடுத்த வருஷம் தேதியை மாத்த இதுதான் வேணும். வெளியே அனுப்ப ஃபைல் மெனுவுல எக்ஸ்போர்ட் கொடுத்து ஜேபிஜியா எடுங்க. அதுல எல்லா லேயரும் ஒட்டி ஒண்ணாகிடும். குறி இல்லாத அசல் படத்தை யாருக்கும் அனுப்பாதீங்க.

18/
போட்டோஷாப் வெச்சிருக்கவங்களுக்கும் இதே வழிதான். நூறு படத்துக்குப் போடணும்னா, ஒரு தடவை செய்யுறதை ஆக்‌ஷனா ரெக்கார்டு பண்ணிட்டு, ஃபைல் மெனுவுல ஆட்டோமேட், பேட்ச் கொடுத்தா மீதியை அதுவே முடிச்சிடும். போன் மட்டும் இருக்கறவங்க ஸ்னாப்சீட்ல டெக்ஸ்ட் பகுதிக்குப் போனா அங்கேயும் ஓபாசிட்டி இருக்கு.

19/
"இப்பத்தான் ஏஐ வந்துடுச்சே, எல்லாத்தையும் அழிச்சிடுமே"ன்னு கேட்பீங்க. ஏஐ பேச்சு இவ்வளவு பெருசாகுறதுக்கு முன்னாடியே அந்தக் கதை தெரியும். கூகுள் ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரே குறியை ஒரே மாதிரி நிறைய படத்துல போட்டா, அந்தப் படங்களையெல்லாம் ஒப்பிட்டு, எல்லாத்துலயும் பொதுவா இருக்குற குறியைக் கணினி தானாவே பிரிச்செடுத்து நீக்கிடும்னு காட்டினாங்க. படத்துக்குப் படம் குறியைக் கொஞ்சம் வளைச்சு நெளிச்சுப் போட்டா, நீக்கினாலும் தடயம் நிக்கும்னும் அதுலயே சொன்னாங்க.

20/
அதனால பேட்ச்ல போட்டாலும் சாய்வையும் இடத்தையும் கொஞ்சம் மாத்தி மாத்திப் போடுங்க. அதையும் மீறி அழிக்கிறவன் அழிப்பான். பூட்டு நல்லவனுக்குத்தான்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. ஆனா பூட்டு இல்லாத வீட்ல யாரும் குடியிருக்கிறது இல்லையே.

சட்டமும் இருக்கு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல், 2012 திருத்தத்துல 65பி-ன்னு ஒரு பிரிவு சேர்ந்துச்சு. படைப்போட உரிமை விவரத்தை அனுமதி இல்லாம, தெரிஞ்சே நீக்கினா 2 வருஷம் வரை சிறையும் அபராதமும். படைப்பைப் பதிவு பண்ணியிருக்கணும்னு கூட அவசியம் இல்ல.

21/
இப்போ உங்க விஷயத்துக்கு வருவோம். முன்னெல்லாம் ஜெராக்ஸ் கடையில அடையாள அட்டை நகல் எடுத்தா, பெரியவங்க என்ன செய்வாங்க? குறுக்கால ரெண்டு கோடு போட்டு, "சிம் கார்டுக்கு மட்டும்"னு எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பாங்க. அது வாட்டர்மார்க் இல்லாம வேற என்ன?

22/
இப்போ வார்டுக்கு வெளியே நான் பார்க்கிறேன். காப்பீட்டுத் திட்டத்துக்குக் கேட்டாங்க, ஆம்புலன்ஸ்காரர் கேட்டார், யாரோ தெரிஞ்சவர் கேட்டார்னு ஆதாரையும் ரேஷன் கார்டையும் அப்படியே போட்டோ எடுத்து அனுப்பிடுறாங்க. உள்ளே ஆள் படுத்திருக்கும்போது யாருக்கும் யோசிக்கத் தோணாது. அந்தப் படம் அடுத்து எங்கே போகும், எதுக்குப் பயன்படும்னு யாருக்கும் தெரியாது.

23/
அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் செலவு பண்ணி, படத்து மேல சாய்வா எழுதுங்க: எதுக்கு, யாருக்கு, எந்தத் தேதி. "அப்பா சிகிச்சைக்கான காப்பீட்டுக்கு மட்டும்"னு எழுதி அன்னைய தேதியைப் போடுங்க. பேர், எண், முகம் படிக்கத் தெரியணும். க்யூஆர் கட்டத்து மேல மட்டும் எழுத்து ஓட வேண்டாம், ஸ்கேன் ஆகாமப் போகலாம்.

ஆதார் எண்ணே முழுசாத் தேவைப்படாத இடத்துக்கு, ஆதார் இணையதளத்துல கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியுற மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கி அதைக் கொடுங்க.

24/
ஒரு எச்சரிக்கை. வாட்டர்மார்க் வேற, மறைக்கிறது வேற. வாட்டர்மார்க் பாதி தெரியணும். மறைக்க வேண்டியது துளிகூடத் தெரியக்கூடாது. போன்ல இருக்குற ஹைலைட்டர் மாதிரியான பேனாவால ஒரு எண் மேல நாலு தடவை கிறுக்கினா, கண்ணுக்குக் கறுப்பாத்தான் இருக்கும். ஆனா அந்த மை ஊடுருவித் தெரியுற மை. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தா அடியில இருக்குற எண் தெரிஞ்சிடலாம். மறைக்கணும்னா ஓபாசிட்டி 100-ல் ஒரு கெட்டியான கட்டத்தை வைங்க.

25/
அதே மாதிரி, வாட்டர்மார்க் போடவே கூடாத இடமும் இருக்கு. டாக்டருக்கு அனுப்புற எக்ஸ்ரே, ஈசிஜி, ஸ்கேன்.

சில போன்கள்ல போட்டோ எடுத்ததும் இடது கீழ் மூலையில கம்பெனி பேரும் நேரமும் தானா விழும். நெஞ்சு எக்ஸ்ரேவுல அந்த மூலை சும்மா கிடக்கிற இடம் இல்ல. நிமிர்ந்து நின்னு எடுத்த படத்துல, நுரையீரலைச் சுத்தி நீர் கோர்த்தா, கீழ் மூலையில இருக்குற கூர்மையான கோணம்தான் முதல்ல மழுங்கும். நான் தேடுறதே அதைத்தான். அது மேல போன் பேர் உட்கார்ந்திருக்கும்.

26/
எக்ஸ்ரேவுல இடம் வலம் காட்டுற எழுத்து ஒண்ணு ஓரமா இருக்கும். அது மறைஞ்சாலும் சிக்கல்தான். கேமரா செட்டிங்ஸ்ல வாட்டர்மார்க்னு இருக்குறதை இன்னைக்கே ஆஃப் பண்ணிடுங்க. நோயாளி பேரும் தேதியும் பெரும்பாலும் எக்ஸ்ரேவுலயே இருக்கும். அதுவும் சேர்ந்து வர்ற மாதிரி முழுப் படமா எடுங்க.

27/
என் சக மருத்துவர்களுக்கும், கூட இருக்குற உறவினர்களுக்கும் ஒண்ணு. நோயாளியோட காயத்தையோ முகத்தையோ எடுத்து, மேல நம்ம பேரைப் போட்டுட்டா அந்தப் படம் நமக்குச் சொந்தமாகிடாது. யார்னு அடையாளம் தெரியுற மாதிரி நோயாளி படத்தை அவங்க அனுமதி இல்லாம வெளியிடக்கூடாதுன்னு 2002 மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்லுது. வாட்டர்மார்க் "யார் செஞ்சது"ன்னுதான் சொல்லும். "யார் சம்மதிச்சாங்க"ன்னு சொல்லாது.

28/
ஆக, ஒரு மருத்துவப் படம் வந்தா ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி மூணே மூணு பாருங்க.

யார் சொன்னது? தேடிப் போய்க் கேட்க ஒரு பேரோ நிறுவனமோ இருக்கா?
எப்போ சொன்னது? மாசமும் வருஷமும் இருக்கா?
முழுசா இருக்கா? ஓரம் வெட்டின மாதிரி, பாதியில நிக்கிற மாதிரி தெரியுதா?

மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் உங்க கையோட நிறுத்துங்க. பக்கத்துல இருக்குற அரசு மருத்துவமனையிலயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் அனுப்புங்க.

29/
நாய்க்கடிப் படத்தை இந்த த்ரெட்டோட கடைசியில போட்டிருக்கேன். எடுத்துக்கோங்க. என்கிட்ட அனுமதி கேட்க வேண்டாம். பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க, ரேஷன் கடையில ஒட்டுங்க, குடும்ப குரூப்ல போடுங்க. என் பேர் இருக்குற துண்டை வெட்டணும்னு தோணினா அதையும் வெட்டிக்கோங்க. அந்தக் குறுக்கு வரியை மட்டும் விட்டுடுங்க.